வீட்டில் ஒலிப்பதிவு: சில குறிப்புகள்

வீட்டில் பாடிப் பதிவு செய்யக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒரு குரல், ஒரு தம்புரா என்றால் ஆடாசிட்டி தாராளம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் தொடங்கி, 2000-இல் வெளியிட்டது. வயலின், மிருதங்கம் என்று டிராக் பெருகினால் ஆர்டோர் என்னும் மென்பொருளுக்குப் போய்விடலாம்.

*

முதல் எதிரி சீலிங் ஃபேன். அடுத்தது ஃபிரிட்ஜ். விடியற்காலையில், இரண்டையும் அணைத்துவிட்டுப் பாடுங்கள்.

*

ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்க, பாட்டு இல்லாத ஓரிரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று முதலில் காட்ட வேண்டும். அதை வைத்து முழுப் பதிவையும் சலிக்கும். கர்நாடக சங்கீதக்காரர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த இடைவெளியில் தம்புரா மீட்டிக்கொண்டிருந்தால் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துவிடும். சுருதி அரிபடும், சட்ஜமத்திலும் பஞ்சமத்திலும் நிற்கும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். தம்புராவை ஹெட்போனில் மட்டும் கேட்டபடி பாடி, அதைத் தனி டிராக்கில் வைத்துக்கொள்வதே நல்லது.

*

பாடுவது ஹெட்போனில் பிந்திக் கேட்டால் தாளம் நிற்காது. காரணம் பஃபர், அதாவது கணினி ஒலியைக் கையாளுமுன் சேர்த்து வைக்கும் துண்டு. 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 1024 சாம்பிள் பஃபர் மட்டுமே 21 மில்லிவிநாடி பிடிக்கும். 128 என்றால் மூன்றுக்கும் கீழே. பாடும்போது 128, மிக்ஸிங்கில் 1024. லினக்ஸில் இந்தத் தாமதத்தைக் குறைக்கவென்றே வந்தது ஜாக் என்னும் மென்பொருள். அதை எழுதிய பால் டேவிஸ்தான் ஆர்டோரையும் தொடங்கியவர்.

*

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தாரஸ்தாயியில் சிவப்பு எரிந்துவிட்டால் அந்த இடத்தை மறுபடி பாடத்தான் வேண்டும்.

*

சுருதி திருத்தும் பிளகின் பக்கமே போகாதீர்கள். அது பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் எது கிட்டவோ அங்கே குரலை இழுத்து நிறுத்தும். தோடியின் காந்தாரம் அசைவதால்தான் தோடி. அந்த அசைவைப் பிழை என்று எண்ணும் கருவிக்கு நம் சங்கீதத்தில் வேலையில்லை.

ஆனால் ஆர்டோரில் தாள அளவை 7/8 என்று வைத்தால் மிஸ்ர சாபுவுக்குக் கிளிக் கிடைக்கும். சாதகத்துக்கு அருமையான துணை.

*

ஆர்டோரின் மூலநிரல் எல்லோருக்கும் இலவசம். நிறுவத் தயாரான பிரதிக்கு மட்டும் ஆர்டோர் தளத்தில் ஒரு தொகை கேட்கிறார்கள். முடிந்தவர்கள் அதைக் கொடுங்கள். அந்தப் பணத்தில்தான் மென்பொருள் வளர்கிறது.