பழவேற்காட்டு ஓலைப்பெட்டியும் இணைய அங்காடியும்

வணிகம் தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொதிகள்மீதும் கப்பலேறிய பொதிகள்மீதும் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்நகரத்து வணிகரின் நேர்மையையும் அதே பாட்டுப் போற்றுகிறது. முத்திரை பொதிக்குக் காவல். நேர்மை வாங்குபவர்க்குக் காவல். வகுப்பறையில் பல்லாண்டுகளாக நடத்திய இவ்விரு செய்திகளும், அண்மையில் ஒரு சிறிய இணைய அங்காடியைத் திறப்பதற்கான ஆயத்தப் பணியில் உடனிருந்தபோது எனக்குப் புதுப்பொருள் தந்தன. அவ்வனுபவத்தை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியைக் கடந்து கிழக்கே சென்றால் ஏரியும் கடலும் அணைந்து கிடக்கும் பழவேற்காட்டை அடையலாம். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய ஊர் இது. இங்கிருந்து கப்பலேறிய துணியின் நினைவாகவே மலாய் மக்கள் கைலியை இன்றும் ‘காயின் பெலிக்கட்’ என்று வழங்குகின்றனர். கடல் வணிகம் ஓய்ந்துபோன இவ்வூரில், முஸ்லிம் பெண்கள் பலர் பனங்குருத்தோலையைக் காயவைத்து, கிழித்து, சாயமேற்றி, பெட்டியும் கூடையும் தட்டும் பின்னி வருகின்றனர். வீட்டு வேலை முடிந்த பின் திண்ணையில் அமர்ந்து செய்யும் தொழில் அது.

என் உறவில் மாமி ஒருவர் நாற்பது ஆண்டுகளாக ஓலை பின்னுகிறார். தாம் பின்னிய பெட்டி சென்னைக் கடைகளில் என்ன விலைக்குப் போகிறது என்பதை அவர் அறிந்ததேயில்லை. இடைத்தரகர் கொடுத்ததே கூலி. என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி செய்கிறார். மாமியின் கைவேலையைக் கண்ட அவர், “ஐயா, இதை நாமே இணையத்தில் விற்றால் என்ன?” என்றார். ஓய்வு நாள்களில் கணினியோடு வந்து அமர்ந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எழுவர் சேர்ந்தனர்.

படம் எடுப்பதும் விலை குறிப்பதும் எளிதில் முடிந்தன. அனுப்பும் செலவே முதலில் மலைக்க வைத்தது. கூரியர் நிறுவனங்கள் பலவும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொள்கின்றன. ஒவ்வொரு புறமும் 30 சென்டிமீட்டர் உள்ள வெறுங்கூடை அக்கணக்கில் 5.4 கிலோ ஆகிவிடுகிறது! பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டிகளை அடுக்கித் தொகுதியாக விற்கும் வழியைக் கண்டவர் மாமிதான்.

ஆயினும் மாமியின் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது. “வாங்குகிறவர் முகத்தை நாம் பார்க்கவில்லை, நம் முகத்தை அவர் பார்க்கவில்லை. எதை நம்பிப் பணம் கொடுப்பார், தம்பி?” என்று கேட்டார். எத்துணை ஆழமான வினா! மாணவர் விடை கூறினார். முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்குமானால், வாங்குபவர் தட்டும் எழுத்துகள் வழியில் எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கம் பெற்றுச் செல்லும். அட்டை எண் நம் கடைக்கு வருவதேயில்லை. பணம் பெற்றுத்தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்திலேயே அது நின்றுவிடும். இணையத்தில் அட்டை வழிப் பணம் செலுத்துவோர் இரண்டாவது உறுதிப்பாடும் தர வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கி 2009இல் நடைமுறைப்படுத்திய விதி. வாடிக்கையாளரின் அட்டை எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைத்தல் கூடாது என்னும் விதி 2022 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது. நம்மிடம் இல்லாத பொருளைக் கள்வன் எவ்வாறு களவாட முடியும்?

இதனைக் கேட்ட மாமி, “அப்படியானால் அது வழிக்குக் காவல். கடைக்காரன் பொய்யனாக இருந்தால்?” என்றார். நாங்கள் இருவரும் வாயடைத்து நின்றோம். உண்மைதான். ஏமாற்றுக்காரனும் அதே பூட்டைத் தன் கடைக்குப் பூட்டிக்கொள்ளலாம். முத்திரையும் நேர்மையும் வெவ்வேறு என்பதை மாமி ஒரே வினாவில் விளக்கிவிட்டார்.

வெள்ளோட்டமாக ஒரு ரூபாய்க்குப் பொருள் வாங்கிப் பார்த்தோம். பணம் வங்கியிலிருந்து கழிந்தது. ஆனால் அலைபேசித் தொடர்பு இடையில் அறுந்ததால் கடைக் கணக்கில் ஆணை பதிவாகவில்லை. பழவேற்காடு போன்ற ஊர்களில் இது நாள்தோறும் நேரக்கூடியது. கேட்வே நிறுவனத்தின் கணினியே தன் மின்கையொப்பத்தோடு நம் கடைக்கு நேரே செய்தி அனுப்பும் ஏற்பாட்டை மாணவர் அமைத்தார். அச்செய்தி வந்த பின்னரே பெட்டியை அனுப்ப வேண்டும். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்புதல் கூடாது. பணத்தைத் திருப்பித் தரும் வழியையும் அதே ஒரு ரூபாயால் சோதித்தோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) அறிவுறுத்துவது அப்போது என் நினைவுக்கு வந்தது.

இந்நிலையில் ஓர் இடர் வந்தது. தம்மை ஒரு பெரிய அதிகாரி என்று கூறிக்கொண்ட ஒருவர், நூறு பெட்டி வேண்டும் என்று குழுவிலுள்ள ஓர் இளம்பெண்ணை அழைத்தார். முன்பணம் பெறுவதற்கென ஒரு கியூஆர் குறியை அனுப்பி, அதனைப் படம்பிடித்து இரகசிய எண்ணைத் தட்டச் சொன்னார். மகளின் பள்ளிக் கட்டணத்திற்குச் சேர்த்த தொகை அப்பெண்ணின் கணக்கில் இருந்தது. அருகிலிருந்த மாமி, “வாங்குவதற்கு எதற்கம்மா சாவி? கொடுப்பதற்குத்தானே பெட்டியைத் திறக்க வேண்டும்!” என்று தடுத்துவிட்டார். 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு இவ்வொன்றையேனும் சொல்லிக்கொடுங்கள். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

எனக்கென ஒதுக்கப்பட்ட பணி, கடையின் விதிமுறைகளை எழுதுவது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் பெயரும் முகவரியும் குறைகேட்பவரின் விவரமும் கடைப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. முறையீடு வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். இவற்றைச் சட்ட நடையில் எழுதாமல், மாமிக்கும் விளங்கும் தமிழில் எழுதினேன். படித்துக் காட்டியபோது அவர் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: “ஓலையில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், சாயமும் படத்தில் உள்ளது போலவே இராது. குறையையும் சொல்லிவிடுங்கள்.” விற்பனை குறையுமே என்றார் மாணவர். “ஓலையைப் பற்றி உள்ளதைச் சொன்னால் குறைந்துவிடும் விற்பனை நமக்கு வேண்டாம்” என்றார் மாமி. அவ்வரி இப்போது ஒவ்வொரு பெட்டியின் படத்துக்குக் கீழும் இருக்கிறது.

பிறர் நம்மை நம்பி ஒப்படைப்பதை ‘அமானிதம்’ என்று நம் வீடுகளில் வழங்குகிறோம். முகமறியாத ஒருவர் அனுப்பும் இருநூறு ரூபாயும் அத்தகையதே. பெட்டி அவர் கைக்குச் சேரும்வரை அது நம்முடையதன்று. கணினி அறிந்த இளைஞரும், தொழிலறிந்த மூத்தோரும், இருவருக்கும் இடையே தெளிந்த மொழியில் எழுதத் தெரிந்தவரும் ஒன்றுசேர்ந்தால், நம் மாவட்டத்தின் எளிய கைத்தொழில்கள் பலவும் நேரே வாங்குவோரிடம் சென்று சேரும். தமிழ் பயிலும் மாணவர்க்கும் அப்பணியில் இடம் உண்டு. அவர்கள் முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.