பங்கர்

பாரிஸிலிருந்து மூன்றரை மணித்தியாலக் கார்ப் பயணம். நோர்மண்டிக் கரையில், ஊட்டா, ஒமாகா கடற்கரைகளுக்கு நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது புவாந்த் து ஓக். முப்பது மீற்றர் செங்குத்துப் பாறை.

1944 யூன் 6 காலை, லெப்டினன்ட் கேணல் ஜேம்ஸ் ரடர் தலைமையில் 225 அமெரிக்க ரேஞ்சர்கள் கயிறுகளிலும் ஏணிகளிலும் இதில் ஏறினார்கள். அழிக்க வந்த 155 மில்லிமீற்றர் பீரங்கிகள் மேலே இல்லை. ஜேர்மனியர் முன்னரே உள்ளுக்கு நகர்த்தியிருந்தார்கள். ரேஞ்சர்கள் தேடிப்போய் அவற்றைச் செயலிழக்கச் செய்தார்கள். இரண்டு நாளின் பின், சண்டையிடும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 90 பேர்தான்.

குண்டுக் குழிகளை இன்றும் மூடவில்லை. புல் வளர்ந்திருக்கிறது. மகன் கொங்கிறீற் வாசலில் நின்று, "அப்பா, இஞ்ச வாங்கோ, பங்கர்!" என்றான்.

அந்தச் சொல் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. எனக்கு, வீட்டுக் கோடியில் அம்மா தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்ததிலிருந்து. விமானம் இரைந்தால் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு குதிப்போம். இதை அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் கால் நின்றுவிட்டது.

கடல் இந்தப் பாறையை அரிக்கிறது. அவதானிப்பு நிலையம் விழாமலிருக்க 2010இல் பாறையைப் பலப்படுத்தினார்கள்.

"உங்களுக்கும் பங்கர் இருந்ததா? அதையும் இப்பிடி வைச்சிருக்கினமா?"

"இல்லை. மூடி வாழை நட்டாச்சு."

"எவ்வளவு ஆழம்?"

"அப்பம்மாவின்ர நெஞ்சளவு."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினேன்.