ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒரு பழைய கேள்வியும்



முப்பது வருசத்துக்கு முன்னால், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், ஆரல்வாய்மொழியில மட்டும் காத்து ஏன் இப்பிடி அடிக்கு?" எனக்குப் பதில் தெரியாது. "பாடத்தைப் பாருல" என்று உட்கார வைத்துவிட்டேன்.

போன வாரம், பொறியியல் படிக்கும் பேத்தி லேப்டாப்பில் காட்டினாள். அவள் வரைந்த இரண்டு மலைகளுக்கு நடுவே காற்று நெருங்கி வேகமெடுப்பது வண்ணக் கோடுகளாகத் தெரிந்தது. அகலத்தில் வந்த காற்று குறுகலில் நுழைந்தால் விரைந்துதான் போக வேண்டும். ஓஸ் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பாய்வது மாதிரி. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான்.

"இதுக்கு என்ன விலை மோளே?"

"சும்மாதான் பாட்டா."

பெயர் ஓப்பன்ஃபோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்த மென்பொருள். 2004-இல் மூல நிரலோடு எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் இதற்கான பாடங்களை இலவசமாகத் தருகிறது. மாணவர்கள் செய்து முடித்த கணக்குகளையும், அடுத்தவர் எடுத்துப் பழகும்படி கோப்புகளோடு வெளியிடுகிறது. தெரிந்ததை ஒளிக்காமல் கொடுப்பது வாத்தியார் வேலைதானே!

அந்தப் பையன் இதைப் படித்தால்: மக்கா, அன்றைக்கு "எனக்குத் தெரியாது, சேர்ந்து பாப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

உங்கள் பிள்ளைகள் கேட்டால் நீங்களாவது அப்படிச் சொல்லுங்கள்.