முதலில் முகவரியைப் பாருங்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் பல வீடுகளில் முன்னறைதான் ஆபீஸ். பையருக்குப் பேக்கிங் லிஸ்ட் அனுப்புவது, ஜிஎஸ்டி கணக்கு ஏற்றுவது, ஈ-வே பில் போடுவது எல்லாம் அங்கிருக்கும் ஒரே கம்ப்யூட்டரில். 2018 ஏப்ரல் 1 முதல் மாநில எல்லை தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம். அதனால் "நெட் வரலை தம்பி" என்று, கோளாறு பார்க்கப் போகும் எனக்குப் போன் வரும்போது, பல நேரம் வாசலில் லோடு ஏற்றிய வண்டி நிற்கும். அந்த அவசரத்தில் குண்டூசியை எடுத்து ரௌட்டரின் ரீசெட் துளையில் குத்திவிடுகிறார்கள்.

அதைச் செய்யாதீர்கள். ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. பல இணைப்புகளில் கம்பெனி கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். ரீசெட் அதை அழித்துவிடும். ஒரு கம்ப்யூட்டருக்கு வராத நெட், பிறகு வீடு முழுக்க வராது.

நான் போனதும் கேட்பது, "போன்ல வருதா பாய்?" என்றுதான். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் பார்க்கச் சொல்வேன். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பதில் பொய்யாகிவிடும். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியே, லைனில். கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, வண்டிக்காரருக்காக போன் ஹாட்ஸ்பாட்டில் பில்லைப் போட்டுவிடலாம்.

லைன் நன்றாக இருந்தால் கம்ப்யூட்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' அடிப்பேன். பாதிக் கதை அங்கே எழுதியிருக்கும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டிருக்கிறது, ரௌட்டரிடமிருந்து பதில் வரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது கேபிளையும் ரௌட்டரையும் பார்க்க வேண்டும். விண்டோஸை அழித்துப் போடுவது வீண் வேலை.

கேபிள் என்றால் நம் ஊரில் ஒன்று கூடுதலாகக் கவனிக்கணும். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் முடி நீக்கச் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும் வாயு. கழிவுநீர்க் கால்வாய் ஓரத்து வீடுகளில் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்காமல் நான் வேறெதையும் தொடுவதில்லை. கறுத்திருந்தால் முனையை வெட்டி, புது ஜாக் வைத்து கிரிம்ப் செய்துவிடுவேன்.

ஆனால் என்னை அதிகம் சுற்றவிட்டது கூட்டுக் குடும்ப வீடுகள்தான். கீழே அண்ணன், மாடியில் தம்பி. மாடியில் சிக்னல் இல்லை என்று தம்பி இன்னொரு ரௌட்டர் வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகியிருப்பார். இப்போது ஒரே வீட்டில் முகவரி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். ஒரு பந்தியில் இரண்டு பேர் தனித்தனியாக இலை போட்டு ஆளைக் கூப்பிடுவதுபோல, யார் முந்துகிறாரோ அவரிடம் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிடும். கீழே கிடைத்தால் 192.168.1 வரிசை, நெட் வரும். மாடியில் கிடைத்தால் 192.168.0 வரிசை; வெளியே போகும் வழி (கேட்வே) மாடி ரௌட்டரைக் காட்டும், அதற்கோ வெளியே போக லைன் இல்லை. "காலைல வந்துச்சு, மதியம் போச்சு" என்பார்கள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போனவர்களும் உண்டு. மாடி ரௌட்டருக்கு 192.168.1.2 என்று, வேறு யாருக்கும் போகாத முகவரி ஒன்றை வைத்து, அது முகவரி கொடுக்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, அணைத்துவிட்டால் போதும். காசே செலவில்லை.

முகவரியும் சரி, ரௌட்டரும் பிங்குக்குப் பதில் தருகிறது, வெளியே இருக்கும் 8.8.8.8-உம் தருகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து வருஷம் பின்னால் போயிருந்தால் ஜிஎஸ்டி தளம் பாதுகாப்பு எச்சரிக்கையோடு நின்றுவிடும். சிஆர்2032 என்று கேட்டால் கடையில் கிடைக்கும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நெட் நன்றாக வரும்போது ஐபிகான்ஃபிக் அடித்து, உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியையும் கேட்வே எண்ணையும், கம்பெனியின் புகார் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை நெட் போனால், குண்டூசியைத் தேடும் முன் மறுபடி ஐபிகான்ஃபிக் அடித்து, எழுதிவைத்த முகவரியோடும் கேட்வே எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.