முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய்

அட்லாண்டா

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. பாப்பாவுக்கு முடியை நேராக்கும் ரிலாக்ஸர் போட்டு ஏழு வாரம் ஆகிறது, வேர்ப்பக்கம் புது முடி முரமுரவென்று எழும்பி நிற்கிறது, சீப்பு பட்டாலே ஒடிகிறது, இந்தச் சனிக்கிழமையே மறுபடி போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டி. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். அப்படியென்றால் அவள் தலையில் இப்போது ஏறக்குறைய முக்கால் அங்குலம் புது முடி இருக்கும். அது அவள் அப்பாவிடமிருந்து வந்த முடி, நெருக்கமான சுருள். அதற்குக் கீழே தொங்குவது மருந்து பட்டு நேரான முடி. ரிலாக்ஸர் என்பது கடுமையான காரம். அதன் பிஎச் அளவு 12க்கு மேலே இருக்கும். முடிக்குச் சுருளைக் கொடுக்கும் கந்தகப் பிணைப்பை அது உடைத்துவிடுகிறது. உடைந்தது திரும்ப ஒட்டாது. அதனால் அந்தப் பகுதி முன்னைவிட வலு குறைந்ததுதான். சுருளும் நேரும் சந்திக்கிற இடம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் பலவீனம். பழைய புடவையில் புதுத்துணி ஒட்டுப்போட்டால் தையலோரத்தில்தானே கிழியும்? உதிர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பார். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது, கவலை வேண்டாம். குமிழ் இல்லாத துண்டு முடியாக வந்தால் ஒடிகிறது என்று அர்த்தம்.

இந்த நேரத்தில் அவசரப்பட்டு மருந்து வைத்தால் அது புது முடியோடு நிற்காது. ஏற்கனவே நேரான முடியின் மேலும் வழியும். ஒருமுறை பட்ட இடத்தில் மறுபடி பட்டால் முடி அப்படியே கையோடு வந்துவிடலாம். எட்டு வாரத்துக்குள் எங்கள் சலூனில் யாருக்கும் டச்-அப், அதாவது புது முடிக்கு மட்டும் மறுபடி மருந்து வைப்பது, செய்ய மாட்டோம். பாப்பாவுக்குப் பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும்வரை தள்ளிப் போடலாம். அதுவரை அந்தப் புது முடியை மெத்தென்று வைத்துக்கொள்வதுதான் நம் வேலை.

தினமும் தேங்காய் எண்ணெய் வைத்தும் ஏன் வறள்கிறது என்று கேட்டாய். தலையில் ஊறும் எண்ணெய் நம் முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரைக்கும் இறங்கிவிடும். ஆனால் சுருளில் வளைவு வளைவாக இறங்க முடியாமல் வேரிலேயே தங்கிவிடும். அதனால் அந்த முடி பிறவியிலேயே வறட்சியானது. அதற்கு வேண்டியது தண்ணீர். காய்ந்த முடியில் எண்ணெய் வைத்தால் பளபளப்புதான் வரும், ஈரம் வராது. முதலில் தண்ணீர், அதன் மேல் அலசாமல் விடும் லீவ்-இன் கண்டிஷனர், கடைசியாகத்தான் எண்ணெய். எண்ணெயின் வேலை உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் காப்பது. இந்த வரிசை மாறவே கூடாது.

அம்மா குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துவிடுவார்களே, அது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்விலேயே இருக்கிறது. ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு முன்னால் தாராளமாக வை. ஆனால் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்க்காதே. அந்தத் தூளும் தேய்ப்பும் சுருளுக்குள் சிக்கை வளர்த்துவிடும்.

வாரம் ஒருமுறை தலைக்கு ஊற்று. முடியை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள். ஷாம்பு மண்டைத் தோலுக்கு மட்டும் போதும். பிறகு கெட்டியான கண்டிஷனரை நுனியிலும் சுருளும் நேரும் சந்திக்கிற இடத்திலும் நிறையத் தடவி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, மேலே வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றி அரை மணி நேரம் விடு. கண்டிஷனர் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேலே போ. முதலில் விரலால் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. காய்ந்த தலையில் சீப்பே வேண்டாம். அலசியபின் துண்டால் துவட்டாதே, பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடு. லீவ்-இன்னை விரல் நுனியால் புது முடிக்குள் அழுத்தித் தடவ வேண்டும். பலரும் மேலோட்டமாகத் தடவிவிட்டு நிறுத்திவிடுவார்கள், வேர் காய்ந்தே கிடக்கும்.

நடுவில் வறண்டால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் லீவ்-இன்னும் கலந்து வேரோரம் மட்டும் தெளித்து, சாட்டின் துணியால் இறுக்காமல் கட்டி கால் மணி நேரம் விட்டால் படிந்துவிடும். இரவிலும் சாட்டின் கட்டியே தூங்கட்டும். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும். வீட்டில் போட்ட ரிலாக்ஸர் டப்பாவில் 'நோ-லை' என்று எழுதியிருந்ததா, பார். அந்த வகை ரிலாக்ஸர் முடியில் சுண்ணாம்புச் சத்தைப் படியவிடும். படிந்தால் எந்தக் கண்டிஷனரும் ஏறாது. மாதம் ஒருமுறை கிலேட்டிங் ஷாம்பு போட்டால் அது போய்விடும்.

வேரைச் சூடான ஸ்ட்ரெய்ட்னரால் நேராக்க ஆசைப்படுவாள். விடாதே. ஈரத்தோடு ஏழெட்டுப் பின்னல் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் அவிழ்த்தால் இரண்டு வகை முடியும் ஒன்றுபோல் அலையலையாக விழும். இழுத்துக் கட்டும் குதிரைவால் மட்டும் வேண்டாம், நெற்றியோர முடி போனால் மீட்பது கஷ்டம்.

இன்னொன்று, மனதில் வைத்துக்கொள். அமெரிக்காவில் 33,000க்கும் அதிகமான பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. முடி நேராக்கும் மருந்தை வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், இவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணித்தார்கள். இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. ஆனாலும் டச்-அப் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது என்று நான் நினைக்கிறேன். பாப்பாவுக்கு 16 வயது. இதை அவளிடமே சொல். ரிலாக்ஸரே வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் ஒரே நாளில் வெட்ட வேண்டியதில்லை, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வரலாம். உங்கள் நியூ ஜெர்சியில் 2019 முதலே இயற்கை முடிக்காகப் பள்ளியில் யாரும் அவளை ஒதுக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

அவள் காதுபடப் பரட்டை என்று மட்டும் சொல்லாதே, செல்வி. அந்தப் புது முடியைத் தொட்டுப் பார், நனைந்திருக்கும்போது பஞ்சுபோல் இருக்கும்.

உன் மாமியார் பர்மிங்ஹாமுக்குப் போகும்வரை அவள் தலையை அவர்தானே பார்த்துக்கொண்டார்? அந்தத் தலையை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வீடியோவில் கூப்பிட்டு, பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்.

அன்புடன்,
அக்கா