கொண்டென்சர் என்ற சின்னச் சாமான்

கற்பிட்டிக் குடாநாட்டில் இரும்பு நீண்ட நாள் நிற்பதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக் காற்று யன்னல் கம்பியைத் தின்கிறது, தையல் மெஷினைத் தின்கிறது, வாகனத்தின் வயரையும் தின்கிறது. சமூகவியல் படித்துவிட்டு, ஊர் ஊராகச் சென்று பெண்களின் குடும்ப வருமானம் பற்றிப் படிவம் நிரப்பும் எனக்கு வாகனத்தின் மின்சாரத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம், ஆலங்குடாப் பக்கத்தில் வசிக்கும் ஒரு ராத்தா.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வாப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார் யாழ்ப்பாணத்தில் நின்றது நின்றபடியே கிடக்க, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வந்த குடும்பம் அது. இங்கு கணவர் பல வருடங்கள் கூலி வேலை செய்து ஒரு பழைய மொறிஸ் மைனர் வாங்கினார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும் ஆஸ்பத்திரி ஹயரும்தான் வருமானம். அவர் மௌத்தானபோது, இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் கார் ஓட்டுவாரின்றி முற்றத்தில் நின்றது. பிறகு தங்கையின் மகன் ஓட்ட, ஓட்டத்தில் பாதி ராத்தாவுக்கு என்று ஏற்பாடு.

ஆனால் கார் அரை மணித்தியாலம் ஓடும், பிறகு நடு வீதியில் நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராக வேறு வாகனம் தேடிக்கொண்டார்கள். எஞ்சினைக் கழற்ற வேண்டும், இலட்சக் கணக்கில் செலவாகும் என்று ஒரு கராஜில் சொன்னார்களாம். கணவரின் தம்பி, “பழைய இரும்பு விலைக்காவது தள்ளிவிடுவோம்” என்று ஆள் கூட்டி வந்துவிட்டார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் ஓட்டை வாகனத்துக்கும் விலை ஏறியிருந்த காலம் அது. விற்பதில் அவசரம் யாருக்கு என்பதை ராத்தா யோசித்திருந்தார்.

என்னிடம் அவர் சொன்னது இதுதான்: “மிஸ், சூடேறினாத்தான் நிக்குது. மரத்தடியில கொஞ்ச நேரம் ஆறவிட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் எடுக்குது. எஞ்சின் செத்திருந்தா ஆறினாப்போல உயிர் வருமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அது நல்ல கேள்வி என்று தெரிந்தது. வயதான ஒரு வயரிங் பாஸிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். கேட்டவுடன் அவர் சிரித்து, “அந்தப் பொம்பிளையே பாதி வேலைய முடிச்சிட்டா” என்றார்.

மறுநாள் சைக்கிளில் வந்தார். முதலில் பார்த்தது பற்றரியின் முனைகளை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பொடியோடு பூட்டியிருக்கும் எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். இல்லாவிட்டால் சாவி எங்காவது தட்டி நெருப்புப் பறக்கும். சுடுநீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, வஸ்லின் பூசினார். பின்பு முன் லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். லைட் மங்கி அணைந்தால் பற்றரியிலோ இணைப்பிலோ பலமில்லை. இங்கு லைட் பிடித்து நின்றது. காரும் ஓடியது. சூடேறியதும் வழக்கம்போல நின்றது.

உடனே டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, மருமகனை ஸ்டார்டர் அடிக்கச் சொன்னார். உள்ளே கொண்டாக்ட் பொயின்ட் என்ற இரண்டு சிறு முனைகள் தொட்டும் விலகியும் கொண்டிருந்தன. விலகும்போதெல்லாம் அவற்றின் நடுவே பெரிய நீலப் பொறி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அங்கே பொறி மெலிந்து கிடந்தது. “நெருப்பு வேணுமான இடத்தில இல்ல, வேணாத இடத்தில இருக்கு. கொண்டென்சர் போயிட்டு” என்றார்.

அது பெருவிரல் அளவு தகரக் குப்பி. பள்ளிப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்திருப்போம். கொயிலில் ஓடும் மின்சாரத்தைப் பொயின்ட் திடீரென அறுக்கும்போதுதான் பிளக்குக்குப் பல்லாயிரம் வோல்ற் கிடைக்கிறது. அறுபட்ட மின்சாரம் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அந்தக் கணத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்வது கொண்டென்சரின் வேலை. அது பழுதானால் பொயின்ட் கருகும், பிளக்கில் வேகம் குறையும். சூட்டில் மட்டும் கைவிட்டு, ஆறியதும் திரும்ப வேலை செய்வது பழுதான கொண்டென்சரின் குணங்களில் ஒன்று. (கொயிலும் சில வேளை இப்படிச் செய்யும். ஆகவே மலிவான கொண்டென்சரை முதலில் மாற்றிப் பார்ப்பதே கெட்டித்தனம்.) பாஸ் தன் டின்னிலிருந்த ஒன்றைப் பூட்டினார். கார் நிற்காமல் பாலாவி வரை போய்த் திரும்பியது.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த சகோதரிகளுக்கு இந்தச் சாமான் புதிதல்ல. தடைக் காலத்தில் கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைப்பதைப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். டைனமோ மின்சாரம் முன்னும் பின்னுமாக அடிக்கும். டயோட் அதை ஒரு பக்கமாகத் திருப்பும், கொண்டென்சர் நிரவி அனுப்பும். முகாமில் பவுசர் எப்போதாவது வந்தாலும், தொட்டி இருந்ததால் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வந்ததல்லவா? அதுபோலத்தான்.

இப்போதைய கார்களில் பொயின்ட் கிடையாது, எல்லாம் இலத்திரனியல். ஆனால் கொண்டென்சர் நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், புதிது வாங்கு என்று சொல்பவரிடம் “கொண்டென்சரை மாற்றிப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மோட்டார் உறுமினால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள், காயில் எரிந்துவிடும். நீங்களாக அதைத் தொட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கொண்டென்சரில் தங்கியிருக்கும் மின்சாரம் அடிக்கும்.

கார் விற்கப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நால்வர் திரும்பி வந்திருக்கிறார்கள். பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும் என்று பாஸ் காட்டிக் கொடுத்ததை ராத்தாவே தகட்டை வைத்து அளக்கிறார். மாமி அடிக்கடி மூடியைத் திறப்பதாக மருமகனுக்கு முறைப்பாடு. கழற்றிய பழைய கொண்டென்சரைக் கொழுந்தனார் வந்தால் காட்டுவதற்காக யன்னல் கட்டில் வைத்திருக்கிறார். அவர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.