கேட்கிறதா?

தொலைபேசியை எடுத்ததும் தமிழர் சொல்லும் முதற்சொல் 'ஹலோ'. இரண்டாவது சொல் 'கேட்குதா?'. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இவ்விரு சொற்களும் ஒலிக்காத வீடு அரிது. ஊரிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் பேசும் அந்தப் பத்து நிமிடமே பிள்ளைகள் பலருக்கு வாரம் முழுவதிலும் கிடைக்கும் முழுத் தமிழ். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் மராத்தியோ வங்காளமோ, வீட்டில் எல்லாம் கலந்த ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு, ஊர்த்தமிழின் ஏற்ற இறக்கம் அந்தச் சிறு கருவியின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஆகவே திறன்பேசியில் ஒலி கெட்டுப்போவதை வெறும் கருவிக் கோளாறு என்று தள்ளிவிட இயலாது. சில வீடுகளில் அக்கோளாறு மனிதர்மீதே பழியாக விழுந்துவிடுகிறது.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் ஒரு குடும்பத்தில் அவ்வாறுதான் நடந்தது. அவ்வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு மாணவி. அவளுடைய அப்பாயி இலால்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் தனியே இருந்தார். விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற மகன், தாய் பக்திப் பாடல் கேட்பதற்காக ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கரை வாங்கிப் பூசை அறையில் வைத்து, அதைத் திறன்பேசியுடன் இணைத்தும் கொடுத்துவிட்டுத் தில்லிக்குத் திரும்பினார். காலையில் பாட்டு கணீரென்று ஒலித்தது. அப்பாயிக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி அழைத்தபோது, அப்பாயியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது. பேத்தி சொன்னதோ அவருக்குச் சிறிதும் கேட்கவில்லை. "பேசு கண்ணு, பேசு" என்று இருமுறை சொன்னார். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம், "எனக்குக் காது போயிடுச்சுய்யா, இனிமே நீ மட்டும் பேசு, புள்ளைங்க கத்திக் கத்தித் தொண்டை நோக வேண்டாம்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். மகனும் அதை நம்பினார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. நம்புவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. காது கேட்கும் கருவி என்ன விலை என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வயதானவரின் கையில் ஒரு பொருள் கெட்டால், பொருளை ஐயுறுவதற்கு முன் ஆளை ஐயுறுவது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம்.

பேத்திக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. அப்பா இரவு ஒன்பது மணிக்கு அழைக்கும்போது அப்பாயி நன்றாகப் பேசினார்; காலையில்தான் கேட்கவில்லை. காலையில் போய் இரவில் திரும்பி வரும் செவிட்டுத்தன்மை உண்டா? அவள் தன் கணக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அழைத்த நாள், நேரம், கேட்டது, கேட்காதது என்று நான்கு பத்தி வரைந்து, இரண்டு வாரம் எழுதி வந்தாள். காலை அழைப்புகள் எல்லாம் கெட்டன. இரவு அழைப்புகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. பின்பு ஒருநாள் காலையில், அடுத்த வீட்டு அத்தையின் தொலைபேசிக்கு அழைத்து, அதை அப்பாயியிடம் கொடுக்கச் சொன்னாள். அப்பாயி ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். பக்கத்தில் அம்மா மெல்லச் சொன்ன குறையையும் கேட்டு அதற்கு மறுமொழியும் கொடுத்தார்! காதில் குற்றமில்லை என்பது தெளிவாயிற்று.

இனி எஞ்சியது கருவி. அத்தையின் மகனிடம், அப்பாயியின் பேசியில் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொன்னாள். ஒலி செல்லும் இடத்தைக் காட்டும் பொத்தானில் அந்தப் பூசை அறை ஸ்பீக்கரின் பெயர் இருந்தது. ஸ்பீக்கர் இயங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பாட்டோடு அழைப்பும் அதற்கே போயிற்று. பல புளூடூத் ஸ்பீக்கர்களில் ஒரு சிறிய ஒலிவாங்கியும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அழைப்பு வந்ததும் அப்பாயி, அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் என்று பேசியை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்கு வருவார். பேத்தியின் குரல் ஆளில்லாத பூசை அறையில் ஒலிக்கும். அப்பாயி திண்ணையில் சொல்வதை, சுவருக்கு அப்பால் உள்ள ஸ்பீக்கரின் ஒலிவாங்கி அரைகுறையாகப் பிடித்துத் தில்லிக்கு அனுப்பும். இரவில் ஸ்பீக்கரை அணைத்துவிடுவதால் பேசி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

தீர்வு ஒரு நிமிட வேலை. பல ஆண்ட்ராய்டு பேசிகளில், இணைக்கப்பட்ட ஒவ்வொரு புளூடூத் சாதனத்தின் பெயருக்கு அருகிலும் ஒரு பற்சக்கரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் பொதுவாக அழைப்புக்கு ஒன்றும் பாடல் முதலிய ஊடக ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு தெரிவுகள் தோன்றும். அழைப்பை மட்டும் அணைத்துவிட்டால் பாட்டு ஸ்பீக்கருக்குப் போகும். பேச்சு பேசியிலேயே நிற்கும். காது கேட்கும் கருவியின் விலையைப் பற்றி அவ்வீட்டில் பின்னர் யாரும் பேசவில்லை.

இவ்விரண்டு தெரிவுகளும் ஏன் தனித்தனியே இருக்கின்றன? புளூடூத்தில் இசை செல்லும் வழி வேறு, உரையாடல் செல்லும் வழி வேறு. இசை ஒரே திசையில் செல்வது, தரம் முதன்மை. அதற்காக ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கும் முறையே வழக்கத்தில் உள்ளது. உரையாடலோ இரு திசையிலும் உடனுக்குடன் செல்ல வேண்டும். ஆகையால் பல கருவிகளில் அவ்வளவு நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஆகச் சுருங்கிவிடும். கம்பியில்லா இயர்போனில் இனிமையாகக் கேட்ட பாட்டு, இணையவழி வகுப்பில் ஒலிவாங்கியைத் திறந்தவுடன் தகரத்தைத் தட்டுவதுபோல் மாறுவது இதனால்தான். இயர்போன் கெட்டுவிட்டதாக எண்ணிப் புதியது வாங்குவோர் உண்டு. கெட்டது எதுவும் இல்லை. வழி மாறியிருக்கிறது, அவ்வளவே.

புளூடூத் என்பது வானொலி அலையே. அது ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அரைச் சாண் என்று கொள்ளலாம். அதே அதிர்வெண் பகுதியில்தான் வீட்டு வைஃபையும் நுண்ணலை அடுப்பும் இயங்குகின்றன. இவ்வளவு நெரிசலில் ஒரு பாட்டு எவ்வாறு சிதையாமல் வருகிறது என்பது வியப்புக்குரியது. அந்தப் பகுதி 79 சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பேசியும் இயர்போனும் ஒரே தடத்தில் நில்லாமல், நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகின்றன. பாண்டி ஆட்டத்தில் இருவர் ஒரே ஒழுங்கில், ஒரே கணத்தில் கட்டம் விட்டுக் கட்டம் தாவுவதாக எண்ணிக்கொள்ளலாம். எந்தக் கட்டத்தில் வேறொருவர் நிற்கிறாரோ, அதைத் தவிர்த்துத் தாவவும் அவை அறியும். தாவி ஒளியும் இந்த எண்ணத்துக்கு வயது மிகுதி. 1942 ஆம் ஆண்டில் திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்லும், பகைவரால் குலைக்க முடியாத வானொலிக் கட்டுப்பாட்டுக்காக இத்தகைய ஒரு முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். பியானோ கட்டைகளின் எண்ணிக்கையை ஒட்டி அவர்கள் எடுத்துக்கொண்டவை 88 அதிர்வெண்கள். புளூடூத் என்னும் பெயரோ இன்னும் பழையது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர் அது.

இந்த அலைக்கு ஒரு பகை உண்டு; அது நீர். மனித உடலில் பெரும்பகுதி நீர் ஆதலால், உடல் இவ்வலையை வெகுவாக உறிஞ்சிவிடும். பேசியைக் காற்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது காதில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், பேசியை முன்பக்கச் சட்டைப்பைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். திறந்த வெளியைக் காட்டிலும் வீட்டுக்குள் பாட்டு தெளிவாகக் கேட்பதும் உண்டு. வீட்டில் சுவரில் பட்டுத் திரும்பும் அலை உடலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். திடலில் அந்த உதவி இல்லை.

முன்பு இணைந்த சாதனம் இப்போது இணைய மறுப்பது மற்றொரு தொல்லை. முதன்முறை இணையும்போது இரு கருவிகளும் ஒரு மறைத்திறவுகோலை உண்டாக்கித் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒன்று அதை இழந்து மற்றொன்று பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் பூட்டு திறவாது. பேசியின் பட்டியலிலிருந்து அச்சாதனத்தை நீக்கி, சாதனத்தின் நினைவையும் அழித்து, புதிதாக இணைப்பதே வழி. அதற்கு முன் பக்கத்து அறையில் அண்ணனின் மடிக்கணினியோடு அது ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

புளூடூத்தே இல்லாமல் ஒலி குறைந்தால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உள்ளன. பேசியின் மேல்விளிம்பில், காதோடு ஒட்டும் இடத்தில் உள்ள மெல்லிய வலையில் தூசியும் வியர்வைப் பிசுக்கும் அடைந்திருக்கலாம். ஸ்பீக்கர் முறையில் உரக்கக் கேட்டு, காதில் வைத்தால் மட்டும் மெலிந்து கேட்டால், பெரும்பாலும் குற்றம் அவ்வலையில்தான். ஈரமில்லாத மென்தூரிகை போதும். நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால், அடிவிளிம்பில் உள்ள ஊசிமுனைத் துளையைப் பார்க்க வேண்டும். ஒலிவாங்கி அதற்குள் இருக்கிறது. புதிதாக மாட்டிய உறை அதை மூடியிருக்கலாம், அல்லது பிடித்திருக்கும் சுண்டுவிரலே மூடியிருக்கலாம். ஊக்கையோ குண்டூசியையோ அத்துளைக்குள் விடுவது கூடாது. குரலைப் பதிவு செய்து திரும்பக் கேட்டால், ஒலிவாங்கியின் நிலை அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நனைந்த பேசியை அரிசிப் பானைக்குள் புதைக்கும் பழக்கம் நாடெங்கும் பரவியிருக்கிறது. அரிசியின் மாவுத்தூள் துளைகளை மேலும் அடைக்கும். அணைத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வைப்பதே தக்கது.

எதற்கும் முதலில் பேசியை அணைத்துப் போட்டுப் பார்ப்பது பலருடைய வழி. அது பலமுறை பயன் தரும். சிக்கிக்கொண்ட மென்பொருள் புதிதாகத் தொடங்கும். ஆயினும் எதனால் கெட்டது என்பது அதனோடு மறைந்துவிடுகிறது. அப்பாயியின் பேசியை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் ஸ்பீக்கர் மீண்டும் தானாகவே இணைந்திருக்கும். கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து முதல்நிலைக்குக் கொண்டுவருவது கடைசி வழி. படங்களையும் தொலைபேசி எண்களையும் வேறிடத்தில் சேமிக்காமல் அதைச் செய்தால், குரல் திரும்பி வரும். பேரப்பிள்ளைகளின் படங்கள் திரும்பி வாரா.

தொலைவில் இருந்துகொண்டு பெரியவர்களுக்கு வழிசொல்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேசியின் திரை ஆங்கிலத்தில் இருந்தால், எந்தச் சொல்லைத் தொடுவது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. திரையைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தால், இப்போது வழிசொல்லும் பேரனோ பேத்தியோ திணறுவர். அவர்கள் அறிந்தது 'செட்டிங்ஸ்'. அங்கே எழுதியிருப்பது 'அமைப்புகள்'. 'வால்யூம்' என்பது 'ஒலியளவு' என்றும், இணைத்த கருவிகளின் பட்டியல் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்றும் இருக்கும். தம் பேசியையும் ஒருநாள் தமிழுக்கு மாற்றிவைத்துக்கொண்டு பார்த்தால், எந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பழகிவிடும். குரல் கேளாத பேசிக்கும் குறுஞ்செய்தி போய்ச் சேரும். "அமைப்புகளைத் தொடுங்க அப்பாயி, அதில் மேலே இணைக்கப்பட்ட சாதனங்கள்னு இருக்கும்" என்று பெரிய எழுத்தில் அனுப்பினால், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் படித்துவிடுவார்கள்.